சின்னவனைக் காணோம்

தட்டில் சின்னவனின் குழி காலியாக இருந்தது.

காப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். காலியேதான். மதியம் தணிக்கைக் குழு வருகிறது. பிற்கால ரோமானியத் தங்கக் காசு ஒன்று குறைந்தாலும் அவர் வேலை போய்விடும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, திருடன் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அப்புறம், தோழியின் கல்யாணத்துக்கென்று காலையில் பட்டுப்புடவையில் கிளம்பிப் போன மகளை யார் பெண் கேட்டு வருவார்கள்?

அந்தத் தட்டில் ஒரு குடும்பமே குடியிருந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் பெயரையே கொஞ்சம் வெட்டியும் ஒட்டியும், தனக்குப் பின் ஆண்ட மூன்று பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டுப் போயிருந்தார்: கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ். காசு அடித்தவர்களோ நால்வருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை, ஒரே முறைப்பைக் கொடுத்திருந்தார்கள். முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. விளிம்பில் ஓடும் எழுத்துகளில் பெயரின் வாலைப் படித்தாக வேண்டும். நாக்கு சுளுக்கிக்கொள்ளாமல் இருக்க, காப்பாளரும் அவருடைய உதவியாளரும் அவர்களை அப்பா, மூத்தவன், நடுவான், சின்னவன் என்றே அழைத்தார்கள்.

நேற்றுத் தட்டை அடுக்கியவள் உதவியாளர். இன்றைக்கென்று பார்த்து, வீட்டில் முக்கியமான வேலை என்று விடுப்பு எடுத்திருந்தாள். அவள் கைப்பேசிக்கு அழைத்தார். எடுத்தது அவளுடைய மாமியார். மருமகள் காலையிலேயே கிளம்பிவிட்டதாகவும், அவசரத்தில் போனை மறந்துவிட்டதாகவும் சொன்னார்.

“நான் அருங்காட்சியகத்துலேர்ந்து காப்பாளர் பேசறேம்மா. சின்னவனைக் காணோம். கடைசியா அவன்கூட இருந்தது உங்க மருமகதான்.”

தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அவசரமாகச் சொல்லி அந்த அம்மாள் வைத்துவிட்டார்.

குழுத் தலைவருக்குச் சின்னவன் மேல் தனிப் பிரியம். வந்ததும் அவனைத்தான் கேட்பார். காப்பாளர் கையுறையை மாட்டி, நடுவானைத் தூக்கிச் சின்னவன் குழியில் வைத்தார். முகம் ஒன்றுதானே. இப்போது நடுவான் குழி இளித்தது. அங்கே அப்பாவைக் கொண்டுபோய் வைத்தார். அப்பாவின் குழியோ தட்டின் நட்டநடுவில் இருந்தது. சிவப்புத் துணி பளபளக்க, பல் விழுந்த வாயைப் போல அது அவரைப் பார்த்தது.

பிள்ளையைத் தேடப் போய் அப்பாவையே தொலைத்தாயிற்று.

மறுபடியும் அழைத்தார். அதே மாமியார்.

“அவன் எங்கேன்னு மட்டும் மருமகளைக் கேட்டுச் சொல்லுங்கம்மா. இல்லேன்னா நான் போலீஸுக்குத்தான் போகணும்.”

“போலீஸ் எதுக்கு சார்? அவன் என்ன பச்சைக் குழந்தையா?”

அது காப்பாளருக்குத் தெரியாதா? ஆயிரத்து அறுநூறு வயதைத் தாண்டியவன் ஆயிற்றே.

“அதனாலதாம்மா பயமே. எவனாவது பிடிச்சு உருக்கிட்டான்னா?”

‘ஐயோ’ என்ற சத்தத்தோடு இணைப்பு அறுந்தது.

தாழ்வாரத்தில் காலடிகள் கேட்டன. குழுத் தலைவர் யாரிடமோ சிரித்துப் பேசியபடி வந்துகொண்டிருந்தார். காப்பாளருக்கு வேறு வழி தோன்றவில்லை. அப்பாவின் இடத்தில் மூத்தவனை வைத்துவிடலாம் என்று அவனைத் தூக்கினார்.

அவனுக்கு அடியில் இன்னொரு தங்க முகம் முறைத்தது.

லென்ஸைக் கண்ணில் பொருத்தி வாலைப் படித்தார். குட்டை வால். சின்னவனேதான். உதவியாளர் அவசரத்தில் அண்ணனையும் தம்பியையும் ஒரே குழியில் போட்டிருக்கிறாள். அவரவரை அவரவர் இடத்தில் வைத்து முடிப்பதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. குழு பார்த்தது, வாலைப் படித்தது, பாராட்டிவிட்டுப் போனது.

வியர்வையைத் துடைத்தபோதுதான், ஒரு பெரிய மனுஷியை வீணாகக் கலங்கடித்துவிட்டோமே என்று காப்பாளருக்கு உறைத்தது. கையோடு அழைத்தார்.

“கிடைச்சுட்டாம்மா. மூத்தவனுக்கு அடியில பதுங்கிக் கிடந்தான். இப்ப பத்திரமா என் பிடியிலதான் இருக்கான்.”

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

“அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க. உங்க பொண்ணு தேடிப் பிடிச்ச சொக்கத் தங்கம் என் சின்னவன், சம்பந்தி.”