ஓரமாக நின்ற மரம்வெட்டி

நாகர்கோவிலில் கோடாலியைக் கையால் தொடாமலே ஒரு காட்டை வெட்டிச் சாய்த்த மனிதர் ஒருவர்தான் உண்டு. எங்கள் மரம்வெட்டி அண்ணாச்சி. அவர் வெட்டியதெல்லாம் படத்தில் இருந்த மரங்கள். ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, நாம் ஆசையாக வரைந்த தென்னையை அந்த விரலால் மறைப்பார். "எடுத்திரு மக்கா" என்பார். அத்தோடு மரம் போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மராமத்து இலாகாவில் வாய்க்காலும் மடையும் ஸ்கேல் வைத்து வரைவது அவருக்கு உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்கேலை வீட்டில் போட்டுவிட்டு ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறைக்கு வருவார். ஸ்டுடியோவுக்குத் திரைச்சீலை எழுதும் செல்லையாவும், மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரான நானும் அந்த வாரம் வரைந்த இயற்கைக் காட்சிகளைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, பரீட்சை எழுதிய பையன்கள் மாதிரிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம்.

"இந்த மலை என்னத்துக்குலே வீட்டு முத்தத்துல வந்து நிக்கி? கொஞ்சம் நீலத்தக் குடுத்து அனுப்பி விடு, தூரப் போவட்டும்."

செல்லையா வரைந்த வண்டித்தடம் படத்தின் வலது ஓரத்தில் வெளியேறியிருக்கும். "இந்த வழியே போனா பாக்கவன் களியக்காவிளையிலதான் போயி நிப்பான். கொளத்துப் பக்கமாத் திருப்புலே." என் குளத்தைப் பார்த்து, "தண்ணிக்குள்ள தெரியுத மலை வெளிய நிக்க மலைய விடத் தெளிவா இருக்கே, இதுல எதுலே ஒரிஜினல்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சொன்னபடி மாற்றியதும் படம் பிழைத்துக்கொண்டது. அதுதான் இன்னும் எரிச்சல்.

அவர் படத்தோடு நிறுத்தியிருந்தால் ஊர் பொறுத்திருக்கும். ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாற வந்தவரின் கையைப் பிடித்துவிட்டார். "பப்படத்த நடுவுல போடாதயும் வே. கண்ணு அங்கயே நின்னு போவும். ஓரத்துல வச்சா இலை முழுக்கச் சுத்தி வரும்."

"நீரு திங்க வந்தீரா, பாக்க வந்தீரா?" என்று கேட்டுவிட்டு அந்த ஆள் பப்படத்தை நட்டநடுவில் போட்டுவிட்டுப் போனார்.

சுசீந்திரம் போகிற வழியில் ஒரு தோப்புக்காரரிடம், "அண்ணாச்சி, அன்னா நிக்க ஒத்தத் தென்ன மருந்துவாழ்மலைக்கு நடு முதுகுல குத்துது. வெட்டிருங்களேன்" என்றார். "கொலை கொலையாக் காய்க்க மரம் வே!" என்று தோப்புக்காரர் வெட்டுக்கத்தியோடு எழுந்தார். மரத்தை வெட்டுவதற்கு அல்ல. நாங்கள் மூவரும் பிடித்த ஓட்டத்தில்தான் எங்கள் அண்ணாச்சிக்கு மரம்வெட்டி என்ற பெயர் வந்தது.

இந்தச் சமயத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலை காலியாயிற்று. ஆண்டு விழா நாடகத்துக்குச் செல்லையா ஒரு காட்டுத் திரை எழுதட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் மேனேஜர். வேலை கிடைத்தால்தான் பெண் தருவேன் என்று தக்கலையில் ஒரு மாமனார் காத்திருந்தார். செல்லையாவின் சோறும் கல்யாணமும் அந்தச் சீலையில்தான் தொங்கின.

நாடகம் எளிதானது. வேட்டையில் வழி தவறிய ராஜாவுக்கு, மரத்தின்மேல் இருக்கும் இடையன் வழி சொல்கிறான். தமிழ்ப் பண்டிதர் ராஜா. நான் இடையன். திரையின் நடுவில் பெரிய ஆலமரம். அதன் பின்னால் ஏணி. திரை எழுதி முடிந்த பிறகு இலைகளுக்கு இடையே ஓட்டை போட்டு என் தலையை வெளியே விடுவதாக ஏற்பாடு.

விழா அன்று மத்தியானம் மரம்வெட்டி திரையைப் பார்க்க வந்தார். ஆலமரத்தை மறைக்கக் கட்டைவிரல் போதவில்லை. இரண்டு கைகளையும் விரித்து மறைத்தார். "மலையெல்லாம் இதுக்குப் பொறத்தால மூச்சு முட்டிக் கெடக்கு மக்கா. எடுத்திரு."

செல்லையா எடுத்துவிட்டான். மரம் இருந்த இடத்தில் வேளிமலை எழும்பியது, மேகம் இறங்கியது, வயலில் மஞ்சள் வெயில் விழுந்தது. தூரம், வெளிச்சம் என்று பேசிப் பேசி இரண்டு பேரும் நாடகத்தையே மறந்துபோனார்கள். நான் வேறு அறையில் மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் முன்திரை விலகியதும் கூட்டம் "ஆ!" என்றது. மேனேஜர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பண்டிதர் உள்ளே வந்து கையை நீட்டினார். "அதோ! அம்மரத்தின்மேல் அமர்ந்திருப்பவன் யார்?"

கை வெறும் ஆகாயத்தைக் காட்டியது.

"மரம் எங்க வே?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

திரைக்குப் பின்னால் ஏணி உச்சியில் தலையை விட ஓட்டையைக் காணாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன். கீழே செல்லையா தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணாச்சி, மரத்த எடுத்துட்டமே! எனக்க வேலை போச்சே!"

மரம்வெட்டி வெளியே ஓடினார். முற்றத்து மாமரத்தில் கொப்புகளை ஒடித்து இடுப்பிலும் கழுத்திலும் கட்டிக்கொண்டு வந்து ஏணியடியில் குனிந்தார். "ஏறுலே தோளுல."

நான் அப்போதே கனமான ஆள். என்னைச் சுமந்துகொண்டு அவர் மேடைக்குள் நடந்தார். "நடுவுல போங்க, பண்டிதர் அங்கதான் கைய நீட்டிட்டு நிக்காரு" என்று கிசுகிசுத்தேன்.

"நடுவுல நிக்க மாட்டேன். மலைய மறைக்கும்."

இடது ஓரமாகப் போய் நின்றார். பண்டிதர் நீட்டிய கையோடு முழுதாகத் திரும்ப வேண்டியிருந்தது. "ஆ! இக்காட்டில் மரங்களும் நடக்கின்றனவே!" என்று சமாளித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போதுதான் என் காலில் முசுறு எறும்பு ஏறியது. அவசரத்தில் ஒடித்த கொப்பில் கூடு இருந்திருக்கிறது. என்னைக் கடித்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அவர் கழுத்திலும் காதிலும். பண்டிதரோ வழி கேட்கும் பாட்டை ஒரு வரிகூடக் குறைக்காமல் பாடினார். எனக்குக் கீழே அந்தத் தோள்கள் இறுகுவது எனக்கு மட்டும் தெரிந்தது. ஒரு இலை அசையவில்லை.

நாடகம் முடிந்ததும் மேனேஜர் செல்லையாவைக் கூப்பிட்டார். "மலை கண்ணுக்குள்ளயே நிக்கி வே. மரத்தையும் சரியான எடத்துல நிப்பாட்டிட்டீரு. திங்கக்கெழம வந்து சேரும்."

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் மரம்வெட்டியின் கழுத்து பழுத்த மிளகாய் நிறத்தில் வீங்கியிருந்தது. செல்லையா அழுதுகொண்டே தேங்காய் எண்ணெய் தடவினான்.

"கொப்பக் கீழ போட்டுட்டு ஓடியிருக்கலாம்லா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மரம் அசைஞ்சா எல்லாவனும் மரத்தையில்லா பாப்பான். நம்ம பயலுக்க மலைய எவன்லே பாப்பான்?"

அதற்குப் பிறகு செல்லையாவும் நானும் வரைந்த ஒவ்வொரு மலைக்கும் இடது ஓரத்தில் ஒரு மரம் நிற்கும். பார்க்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. அந்த மரம் இல்லாமல் ஒரு மலையை வரைய எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை மனசு வந்ததில்லை.