நடுப்பாலத்தில் மூன்று நாள்

போர்க்கால நிகழ்ச்சி பற்றிய கட்டுரைக்கு ஒரு சாட்சி போதாது என்று சரித்திர ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். நாலு மணிக்குள் இரண்டாவது கையெழுத்து வந்தாக வேண்டும். இல்லாவிட்டால், தலைநகர் ஆவணக் காப்பகத்தில் ஒரு மாதம் தங்கிப் படிக்கும் வாய்ப்பு வேறு யாருக்கோ போய்விடும்.

அந்த ஒரு மாதத்துக்காக, கட்டுரை எழுதிய மாணவி இரண்டு வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் மற்ற பெண்கள் எதற்கெல்லாமோ ஏங்குவார்கள். இவள் பழைய படைத் தந்திகளுக்கு ஏங்கினாள். யார் எதைச் சொன்னாலும் எந்தத் தேதி என்று கேட்பதால் வீட்டில் அவளுக்குத் 'தேதி' என்றே பெயர்.

முதல் சாட்சி பெரியப்பா. போரில் ஆற்றுப்பாலத்தை மூன்று நாள் தனி ஆளாகக் காத்தவர். எதிரிகள் நாற்பது பேர். இந்தக் கதையை வீட்டில் எல்லோரும் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்கி வளர்ந்தவர்கள். பெரியம்மா மட்டும் பாலம் வரும் கட்டத்தில் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விடுவார்.

கூட இருந்தவர் யாராவது கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று, தேதி முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு ஓடினாள். சீட்டாடிக்கொண்டிருந்த செயலாளர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பாலத்தைக் காத்தது நானாச்சே. உங்க பெரியப்பா சமையல் கூடாரத்துல உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருந்தாரு."

நேருக்கு நேர் பேசினால் தீர்ந்துவிடும் என்று பெரியப்பாவையே அழைத்து வந்தாள். வினையே அங்கேதான். இருவரும் மாறி மாறிக் காலை வாரிக்கொண்டிருந்தபோது, மூலையில் தூங்கிக்கொண்டிருந்த துணைத் தலைவர் கண் விழித்தார். இரண்டு பேரும் பிள்ளைக்குக் காது குத்துகிறார்கள், பாலத்தில் நின்றது தான் ஒருவன்தான் என்றார். சட்டையைத் தூக்கித் தழும்பையும் காட்டினார். அது குடல்வால் ஆபரேஷன் தழும்பு என்று மற்ற இருவரும் முதல்முறையாக ஒரே குரலில் சொன்னார்கள்.

மணி மூன்று. தேதிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் காப்பகத்தை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாகப்பிரிவினை மாதிரி பாலத்தைப் பங்கு போட்டாள். ஒருவருக்கு வடக்கு முனை, ஒருவருக்கு நடு, ஒருவருக்குத் தெற்கு முனை.

மூவருக்குமே நடுதான் வேண்டுமாம். முனையில் நின்றால் ஓடத் தயாராக நின்றது போல இருக்குமாம்.

சரி, நாளும் மூன்று, ஆளும் மூன்று, ஆளுக்கு ஒரு நாள் நடுப்பாலம் என்றாள் தேதி. மூன்று முகமும் மலர்ந்தது. எதிரிகளில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்கு நாற்பது என்று கணக்காகி, மொத்தம் நூற்றிருபது ஆயிற்று. சரித்திரத்தை இப்படித்தான் எழுதுவார்கள் என்று அவளுடைய எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. மூன்று கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

காகிதத்தை லேமினேட் செய்ய வேண்டும். தெருமுனை ஜெராக்ஸ்காரர், பெண் எடுத்த ஊரிலேயே தங்கிவிட்ட வெளியூர்க்காரர். பெரியப்பா வயதுதான் இருக்கும். எந்தக் காகிதத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பாரே தவிர, அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். இன்று இரண்டு முறை படித்தார். மெஷினை நிறுத்தினார்.

"மூணு நாளும் பாலத்துல ஆள் இருந்துச்சாம்மா?"

"மூணு பேர் அங்கிள். கையெழுத்தே இருக்கு, பாருங்க. சீக்கிரம், நாலு மணிக்குள்ள குடுக்கணும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்ப யாராவது ஒருத்தர் குரல் குடுத்திருக்கலாம். அக்கரையில நாங்க பதினோரு பேர், கையில வெள்ளைத்துணியக் கட்டிக்கிட்டு, சரணடையலாம்னு மூணு நாளா ஆள் தேடிக்கிட்டு நின்னோம்."