இறுக்கச் சொன்னதும் நான் இறக்கியதும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வாப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய ஸ்ப்ரிங் பூட்டினேன்.
2. என்னைப் பெண் பார்க்க வந்த மாமியை அந்தக் காரில் ஏற்றினேன்.
3. கார் பதிந்தது.
4. தன்னால்தான் பதிந்தது என்று மாமி நினைத்தார்.
5. அஸர் தொழுதுவிட்டு வந்தவர்கள் காரை மாமியோடு சேர்த்துத் தூக்கினார்கள்.

ஐந்தாவதை எங்கள் ஊர் நுரைச்சோலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்ற நான்கையும் நான் சொன்னால்தான் உண்டு.

ஆட்டோமொபைல் டிப்ளோமா முடித்த புதிதில் எனக்கு இரண்டு வியாதிகள் இருந்தன. எதையும் இலக்கமிட்டு எழுதுவது ஒன்று. எந்த வாகனத்தையும் அது இருக்கிறபடி இருக்க விடாதது மற்றது. (முதலாவது இன்னும் சுகமாகவில்லை.)

வாப்பாவின் கார் சிவப்பு. இரண்டே சீட், மடக்கி வைக்கக்கூடிய கூரை. பள்ளத்தில் விழுந்தால் பழைய கட்டில் மாதிரி ஆடும். அதற்காக, கத்தாரில் கராஜ் வேலை செய்யும் என் கூடப்பிறந்த நானா, ஸ்ப்ரிங்கும் ஷொக் எப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்த செட் ஒன்றை அனுப்பியிருந்தார். ஸ்ப்ரிங்குக்குக் கீழே ஒரு வளையம். அதை மேலே திருகினால் கார் உயரும், கீழே திருகினால் பதியும். அதற்கும் அடியில் இன்னொரு வளையம். மேல் வளையம் தானாகக் கழன்று இறங்காமல் இருக்க இதை இறுக்கிப் பூட்ட வேண்டும்.

பூட்டி முடித்துவிட்டு முற்றத்திலிருந்தே நானாவுக்கு வாட்ஸ்அப்பில் கோல் எடுத்தேன். எங்கள் கடற்காற்றில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும்.

“எல்லாம் பூட்டிட்டியா?”

“ஓம் நானா.”

“அப்ப கடைசியா அந்த வளையத்த நல்லா இறுக்கிடு.”

எனக்கு ‘இறக்கிடு’ என்று கேட்டது.

“நல்லாவா?”

“ஓம், நல்லா. உன்ட பெலம் முழுக்கக் குடு.”

பெலம் முழுக்கக் கொடுத்து இறக்கினேன். கார் நண்டு மாதிரித் தரையோடு கிடந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பதிந்துதானே இருக்கும் என்று நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தேன்.

அடுத்த நாள் அஸ்மியின் வீட்டார் வருவதாக இருந்தது. அஸ்மி என்னோடு டிப்ளோமா படித்தவன். எங்கள் இருவருக்கும் விருப்பம். ஆனால், “உம்மா ஓம் எண்டா ஓம், இல்ல எண்டா இல்ல” என்று சொல்லிவிட்டான். அவனுடைய உம்மாவான மாமிக்கோ, கராஜில் கிடக்கிற பெண் குடும்பத்துக்குச் சரிவருவாளா என்ற சந்தேகம்.

அவர்கள் வந்த வேன் பாலாவிச் சந்தியில் டயர் போய் நின்றது. மாற்று டயரிலும் காற்றில்லை.

“பெரியவங்கள வெயிலுக்க நிப்பாட்ட ஏலா. மாமிய மட்டுமாவது கூட்டிக்கிட்டு வா” என்றார் வாப்பா. இரண்டு சீட் காரில் அவர் போய் மாமியை ஏற்றி வருவது முறையில்லை. ஆகவே நான், புதுச் சல்வாரில்.

மாமி நல்ல வாட்டசாட்டமானவர். மடியில் வட்டிலப்ப இனிப்புச் சட்டியோடு காருக்குள் இறங்கினார். இறங்கிக்கொண்டே போனார்.

“மகள், இது கதிரையா, பாயா?”

“ஸ்போர்ட்ஸ் கார் மாமி.”

பள்ளத்துக்குப் பள்ளம் கார் இன்னும் பதிந்தது. மட்கார்டில் டயர் உரசி ‘கர்ர்’ என்றது.

“நான் ஏறினதோட பதியுதே.”

“இல்ல மாமி, ரோட்டுதான் சரியில்ல.”

மாமி சட்டியை அணைத்துக்கொண்டார். “வேன்லயும் நான் இருந்த பக்கத்து டயர்தான் போச்சு.”

நான் வேகத்தைக் குறைத்தேன்.

போகும்போது உரசிக்கொண்டு தாண்டிய பள்ளிவாசலடி வேகத்தடையில் இப்போது முன்சில்லுகள் ஏறி இறங்கின. பிறகு காரின் வயிறு அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் கத்தியது, கார் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். காரைத் தூக்கும் ஜக்கை எடுத்தேன். அது நுழையக்கூட அடியில் இடமில்லை.

“மாமி, கொஞ்சம் இறங்கினா லேசு” என்றார் ஒரு மீன் வியாபாரி.

“இறங்கிறத்துக்கு எழும்பவே ஏலா தம்பி. கிணத்துக்குள்ள இருக்கிற மாதிரி இரிக்கி.”

“அப்ப பாரத்தோடதான் தூக்கணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமியின் முகம் சுருங்கிப்போனது. கல்யாணப் பேச்சு வேகத்தடையிலேயே முறிந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

பிஸ்மில்லாஹ் சொல்லித் தூக்கினார்கள். வட்டிலப்பம் மாமியின் அபாயாவில் பாதி, சீட்டில் பாதி. காருக்கு அடியில் தென்னங்குற்றிகளை வைத்தார்கள். நான் சல்வாரோடு மண்ணில் படுத்து முன்சில்லுக்குப் பின்னால் தலையை விட்டேன். மேல் வளையம் சுற்றிச் சுற்றி அடிக்கே வந்திருந்தது. அதைப் பிடிக்க வேண்டிய கீழ் வளையம் விரலால் தொட்டாலே உருண்டது. இறுக்கு! நானா சொன்னது இறுக்கு!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன புள்ள சிரிக்கிறாய்? என்னப் பாத்தா சிரிக்கிறாய்?”

“இல்ல மாமி. நானா இறுக்கு எண்டார், எனக்கு இறக்கு எண்டு கேட்டிச்சி. நான் வளையத்த இறுக்கவே இல்ல.”

“அப்ப… என்ட பாரமில்லயா?”

“சின்னப்புள்ள ஏறினாலும் இது பதிஞ்சிதான் மாமி இரிக்கும்.”

மாமி திறந்த காரில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொழுதுவிட்டு வந்த மொத்தக் கூட்டத்தையும் பார்த்தார்.

“கேட்டீங்களா எல்லாரும்? என்ட பாரமில்ல! வளையம் இறுக்கல்ல!”

பிறகு என் பக்கம் குனிந்தார். “நீ இறுக்கு மகள். நல்லா இறுக்கு. இவங்க வாயப் பாக்காத.”

மேல் வளையத்தை உயர்த்தி, கீழ் வளையத்தை இறுக்கி, ஒருவழியாக வீடு போய்ச் சேர்ந்தோம். வீட்டு வாசலில் கிறீஸும் மண்ணுமாக நான் இறங்கியதைப் பார்த்த உம்மா நெஞ்சில் கை வைத்தார். மாமி இரண்டு கையையும் நீட்டி, தன்னை வெளியே இழுக்கச் சொன்னார். எழும்பி நின்று அபாயாவைத் தட்டிக்கொண்டார்.

“உடுப்பு கழுவினாப் போகும். நீங்க நிக்காஹ் திகதியச் சொல்லுங்க.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கதிரை உடைந்தாலும் கரண்ட் போனாலும் முதலில் எழும் சத்தம் “என்ட பாரமில்ல!” என்பதுதான். நானா இப்போதெல்லாம் வேலை விஷயம் எதையும் வாயால் சொல்வதில்லை, எழுதித்தான் அனுப்புகிறார்.

இப்போதைய நிலைமை இது. நிக்காஹ் முடிந்துவிட்டது. வாப்பா காரை எங்களுக்கே தந்துவிட்டார். மாமி அதில் ஓட்டப் பழகுகிறார். பக்கத்துச் சீட்டில் நான் இருக்கிறேன். அஸ்மி வேலைக்கு பஸ்ஸில் போகிறான்.