வெருளி போட்டிருந்த ஹெல்மெற்

உரும்பிராய்,
வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

கனடாவில் வசிக்கும் அன்பு மைத்துனர் சுதாகரனுக்கு, அத்தான் சோமசேகரம் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நானும் உமது அக்கா செல்வநாயகியும் சுகம். நீரும் சுகமாகத்தான் இருப்பீர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற விஷயங்களில்தான் சந்தேகம். வாட்ஸ்அப்பில் கேட்டால் வாசித்தும் வாசிக்காத மாதிரி இருந்துவிடுவீர் என்பதால், லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்பும் கொலின்ஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவன் முன்னால் வைத்தே பிரித்து வாசியும். வாசிக்கும்போது உமது முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்குச் சொல்லும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். கொக்குவிலில் நான் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பற்றி, அதுவும் உமது சொந்த வீட்டைப் பற்றி, தொழில் பாதுகாப்புக் கந்தோருக்கு அறிவித்தது நீர்தானே?

போன மாதக் கடைசியில் அந்தக் கந்தோரிலிருந்து யசிந்தா என்று ஒரு அலுவலர்ப் பிள்ளை ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். தேத்தண்ணி போடச் சொன்னேன், வேண்டாம் என்றார். சோடா எடுப்பிக்கவா என்றேன், அதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு நேரே ஏணிக்குப் போய், கயிற்றால் கட்டி வைத்திருந்த அந்த ஒரு படியைத் தொட்டுக் காட்டினார். ஏணியில் எத்தனையோ படி இருக்க, அந்தப் படிக்கு எப்படிப் போனார்? எங்கள் பெரிய மேசன் ஜெரோசன் பாட்டாச் செருப்போடு சாரக்கட்டில் ஏறுவதும், நான் ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பலகையில் நடப்பதும்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. இவற்றையெல்லாம் நான் வாய்விட்டுச் சொன்னது உமக்கு மட்டும்தான், அதுவும் தொலைபேசியில், சிரிப்புக்காக. அந்த நேரம் உமது அக்கா பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் இந்த மாதிரிக் கதைகளைக் காதில் போடுகிற ஆள் இல்லை என்பது உமக்கே தெரியும்.

இன்னும் அத்தாட்சி இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது வீட்டுப் படலையிலேயே நின்றுகொண்டு, "அத்தான், உங்கை ஒருத்தரும் ஹெல்மெற் போடுறேல்லையோ?" என்று கேட்டவர் நீர். போன பின் ஒரு பெட்டி அனுப்பினீர். சொக்கிளேற் என்று நினைத்துத் திறந்தால் உள்ளே தடித்த கையுறைகள். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு யாராவது கையுறை அனுப்புவார்களா? உமது அக்கா அதைப் போட்டுச் சோற்றுப்பானை இறக்குகிறாள். நான் விழுந்துவிடுவேன் என்று உமக்குப் பயமா? நான் விழுகிற ஆள் இல்லை. பங்குனியில் கையில் வந்த காயம் மோட்டச்சைக்கிளால் விழுந்து பட்டது, வேண்டுமென்றால் உமது அக்காவையே கேளும்.

அந்தப் பிள்ளை போகும்போது ஒரு மஞ்சள் ஹெல்மெற், மினுங்குகிற ஒரு மேலங்கி, இடுப்புக்கும் தோளுக்கும் கட்டுகிற ஒரு பட்டி எல்லாம் தந்து, மாதிரிக்கு வைத்திருங்கள், எல்லோருக்கும் இதுபோல வாங்கிக் கொடுங்கள் என்றார். ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்குக் கோப்பாயில் ஒரு பயிற்சி இருக்கிறது, இலவசம், மத்தியானச் சாப்பாடும் உண்டு என்றார். அரசாங்கம் சும்மா சோறு தருகிறது என்றால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே போனேன். படம் போட்டார்கள், சாரக்கட்டை நாளாந்தம் வேலை தொடங்குமுன் பார்க்க வேண்டும், அதைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும் என்றார்கள், புத்தகமும் தந்தார்கள். கடைசிவரை காசு ஒன்றும் கேட்கவில்லை. அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. சாப்பாட்டில் கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாய் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹெல்மெற்றை ஜெரோசனிடம் கொடுத்தேன். "அண்ணை, உதைப் போட்டால் தலை அவிஞ்சு போகும்" என்று திருப்பித் தந்தான். மற்றவர்களும் தொடவில்லை. நானும் தொடவில்லை, எனக்குத் தொப்பி ஒத்துவராது. சும்மா கிடந்து பழுதாகப் போகிறதே என்று, கண்ணூறு படாமலிருக்க மேல்மாடியில் கட்டியிருந்த வெருளிக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டான் ஜெரோசன். வைக்கோல் உடம்புக்கு மேலங்கி, முகம் கீறிய பானைத் தலைக்கு ஹெல்மெற், பட்டியைக் கூரை வளையில் கொழுவி, புத்தகத்தில் இருந்த படம் மாதிரியே முடிச்சு. பார்க்க என்னைவிடக் கொந்தராத்துக்காரன் மாதிரி இருந்தது.

புதன்கிழமை யசிந்தா பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். றோட்டில் நின்று மேலே பார்த்து, முகமெல்லாம் சந்தோசமாய்ப் படமும் எடுத்தார். "ஐயா, பயிற்சிக்கு வந்து போன பலன் தெரியுது. அந்த அண்ணையைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்கோ, ஒரு பாராட்டுச் சொல்லவேணும்" என்றார்.

"அவர் இறங்கமாட்டார், பிள்ளை" என்றேன்.

"ஏன், வேலையாய் நிக்கிறாரோ?"

"ஓம். இரவு பகலாய் நிக்கிறார்."

அந்த நேரம் பார்த்து ஒரு காகம் வந்து வெருளியின் தோளில் இருந்து வைக்கோலை இழுத்தது. பிள்ளை படத்தைப் பார்த்தார், வெருளியைப் பார்த்தார், பாட்டாச் செருப்போடு பக்கத்தில் நின்ற ஜெரோசனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஐயா, உங்கடை வேலையிடத்திலை பாதுகாப்பாய் நிக்கிறது உயிரில்லாத ஆள் ஒருவர்தான்" என்றார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் காகத்தைப் பார்த்துக் கத்தினேன். திங்கட்கிழமைக்கு முன் எல்லோரும் போட்டிருக்க வேண்டும், ஏணி மாற வேண்டும், இல்லையென்றால் வேலையை நிறுத்துவாராம்.

வேலை நின்றால் தை மாதம் பால் காய்ச்சிக் குடிபூரல் இல்லை. நீர் பிளேன் ரிக்கற் போட்டுவிட்டீர், ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. உமது வீட்டுப் பாலை நீரே கவிழ்த்துவிட்டு இப்போது நல்ல பிள்ளை மாதிரி இருக்கிறீர். ஆகையால் என் முடிவு இது. நீர் அந்தக் கந்தோருக்கு எடுத்து, சொன்னது பிழை என்று சொல்லும்வரை நான் ஹெல்மெற் போடமாட்டேன், ஒருவரையும் போடவும் விடமாட்டேன், வேலை நின்றாலும் சரி. வீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. களைத்து விழுந்து வந்தால் அடுப்பு எரியாது. நான் வந்து கால் கழுவிய பிறகுதான் உமது அக்கா புட்டுக்கு மாக் குழைக்கத் தொடங்குகிறாள். பின்னேரம் முழுக்க ரீவி நாடகம் பார்க்கிறாளோ என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

உமக்கும் உமது மனைவி பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் காக்கட்டும். கோபம் உம்மேல்தான், பிள்ளைகள்மேல் இல்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்,
சோமசேகரம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டித் தரும்படி உமது அக்காவிடம் கொடுத்தேன். அவள் ஒட்டாமல் பிரித்து வாசித்தாள். வாசித்துவிட்டு, "தம்பியை ஏன் பேசுறியள்? ரெலிபோன் எடுத்தது நான்" என்றாள். கொக்குவில் கம்பிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கந்தோர் நோட்டீசைப் பார்த்து எடுத்தாளாம். ஏன் என்று கேட்டேன்.

"மோட்டச்சைக்கிளாலை விழுந்த ஆளின்ரை சட்டையிலை சீமெந்து எப்பிடிக் காய்ஞ்சிருந்தது?" என்றாள். "அண்டையிலையிருந்து உங்கடை மோட்டச்சைக்கிள் சத்தம் ஒழுங்கைக்குள்ளை கேக்கும்வரைக்கும் எனக்கு அடுப்பு மூட்ட மனம் வாறேல்லை. ஆருக்கெண்டு சமைக்கிறது?" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதியவற்றில் ஆசீர்வாதத்தைத் தவிர மற்றதெல்லாம் எழுதாததாக எண்ணவும். புதிதாக எழுத அழகான தாள் இல்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். ஹெல்மெற்றை வெருளியிடமிருந்து வாங்கிவிட்டேன், மற்றவர்களுக்கும் கடையில் சொல்லிவிட்டேன், ஏணி வருகிறது, கையுறை இன்னும் கொஞ்சம் அனுப்பவும். திங்களிலிருந்து பட்டி கட்டித்தான் ஏறுவேன், இனி நேரத்தோடு அடுப்பை மூட்டும் என்று உமது அக்காவிடம் சொன்னேன். "பாப்பம்" என்றாள். திங்கட்கிழமை ஒருக்கால் கொக்குவிலுக்கு வந்து றோட்டில் நின்று பார்க்கப் போகிறாளாம், மேலே நிற்பது நானா, வெருளியா என்று.