மறதி அமலுக்கு வந்தது

தண்ணீர்க் குழாய் செய்யும் அந்தக் கம்பெனியின் இயக்குநர் ஒரு விடுமுறை நாளில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்தார். அதில் ஊழியர்கள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வீட்டையே மறந்துவிடுவார்கள். ஊரெல்லாம் பார்த்துப் பயந்தது. இயக்குநருக்கு மட்டும் ஆனந்தக் கண்ணீர் வந்தது.

தொடரில் அதற்கு ஏதோ மருந்து கொடுத்தார்கள். மருந்துக்குச் செலவாகும் என்பதால் இங்கே மறதி சுற்றறிக்கை மூலம் அமல்படுத்தப்பட்டது: ‘வளாகத்துக்குள் ஊழியர்கள் தத்தம் குடும்பத்தை மறந்திருத்தல் வேண்டும். நினைவு வைத்திருப்போர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.’

கணக்குப் பிரிவுக்காரரும் புகார்ப் பிரிவில் இருந்த அவர் மனைவியும் ஒரே ஸ்கூட்டரில் வந்து, கேட்டில் இறங்கியதும் அந்நியர்களானார்கள். முதலில் இது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. லிஃப்டில் அவர், “நீங்க முதல்ல போங்க மேடம்” என்பார். வீட்டில் அப்படியெல்லாம் ஒரு நாளும் வாயில் வந்ததில்லை.

ஒரு மதியம் புகார்ப் பிரிவுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மகளுக்குக் கடும் காய்ச்சலாம். பக்கத்தில் மனிதவள அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“எனக்குப் பொண்ணே கிடையாதுங்களே” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, நேரே கணவரின் மேஜைக்குப் போனாள்.

“சார், யாரோ ஒரு குழந்தைக்கு உடம்பு அனலாக் கொதிக்குதாம்.”

அவர் கையிலிருந்து பேனா நழுவியது. அதற்குள் அதிகாரி பின்னாலேயே வந்துவிட்டார்.

“பாவம். பெத்தவங்க என்ன ஜென்மங்களோ மேடம்” என்றார் கணவர்.

“நானும் அதைத்தான் நினைச்சேன் சார்.” அவள் குரல் உடைந்தது.

“பிரமாதம்!” என்றார் அதிகாரி. “ஆனா கண்ணு ஏன் கலங்குது?”

“கம்பெனியை நினைச்சேன் சார்.”

உடனே பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. இருவருக்கும் ‘விசுவாசச் சுடர்’ பதக்கம். இயக்குநர் தமது உரையில் ‘குடும்பம், குடும்பம்’ என்று உருகினார். கம்பெனியைத்தான் சொன்னார். உரை முடியும்வரை யாரும் எழுந்திருக்க முடியவில்லை.

விழா முடிந்ததும் இருவரும் பதக்கத்தைக்கூடக் கழற்றாமல் பள்ளிக்கு ஓடினார்கள். மகள் பெஞ்சில் சுருண்டு கிடந்தாள்.

“இவங்க யாருன்னு தெரியுதாம்மா?” என்று டீச்சர் கேட்டார்.

“தெரியலை மிஸ்.”

அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. டீச்சரோ பூரித்துப்போனார். “எங்க ஸ்கூல்லயும் இந்த வாரம் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்துட்டோம். உங்க பொண்ணு கற்பூரம் மாதிரி பிடிச்சுக்கிட்டா!”

அம்மா பாய்ந்து போய் மகளை வாரியெடுத்தாள். கழுத்தில் நெருப்பாகச் சுட்டது அந்த நெற்றி. மகள் காதோரம் கிசுகிசுத்தாள்:

“கேட் தாண்டுற வரைக்கும் தூக்காதீங்க ஆன்ட்டி. மார்க் போயிடும்.”