உயிரோடிருப்பவர் கையெழுத்து

எழுமலை,
புதன்கிழமை.

சட்டக் கேள்வி-பதில் பகுதியின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற பத்திரப்பதிவு அலுவலக உதவியாளர் பேயாண்டி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். இதை மரியாதைக்காக எழுதவில்லை, வழக்கே இதுதான்.

சென்ற வெள்ளிக்கிழமை முடிவெட்டப் போன இடத்தில் அழகுபாண்டி கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் செல்போனை நீட்டி, "அண்ணே, இது நீங்கதேனே?" என்றான். புது வீட்டு வாசலில் பட்டு வேட்டி கட்டி நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். "வாங்க, எல்லாரும் வாங்க. இது எம்மக ரோகிணி ஒத்தக்கடையில கட்டுன வீடு. இருந்து சாப்பிட்டுத்தேன் போகணும்" என்கிறேன். முகம் என்னுடையது, குரல் என்னுடையது. பற்கள் மட்டும் என்னுடையவை அல்ல, எனக்கு முன்பல் இரண்டு கிடையாது. கீழே, 'மறைந்த தந்தை வரவேற்கிறார். உங்கள் இல்ல விசேஷத்துக்கும் ஏ.ஐ. முறையில் செய்து தரப்படும்' என்று மதுரைக் கம்பெனி ஒன்றின் விளம்பரம். மறுநாள் காலையில், என்னோடு வேலை பார்த்த அனந்தநாராயணன் வாடிப்பட்டியிலிருந்து மாலையோடு வந்து இறங்கிவிட்டார். நான் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் மாறி வந்த மனிதர், மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கையிலேயே கொடுத்தார். காபி குடித்துவிட்டு, "எதுக்கும் உடம்பைப் பாத்துக்கோங்கோ" என்று சொல்லிக் கிளம்பினார்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். மாதங்கி என்று ஒரு பெண் எடுத்தது, மரியாதையான பிள்ளை. "உயிரோட இருக்கவங்கன்னா அவங்களே சம்மதக் கையெழுத்துப் போடணும் சார். இறந்தவங்கன்னா வாரிசு போட்டாப் போதும். இதுல மகள்னு ரோகிணி மேடம் போட்டிருக்காங்க. நீங்க யாரு சார் பேசுறது?" என்றது. "இறந்தவன்தேம்மா பேசுறேன்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது. அப்புறம் அதுவே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, படிவத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தது. என்னுடைய பணி நிறைவு விழா வீடியோவைக் கொடுத்துத்தான் ரோகிணி செய்யச் சொன்னாளாம். ஐயா, முப்பத்தொரு வருஷம் பத்திரம் பார்த்தவன் நான். இதில் இறப்புச் சான்றிதழ் இல்லை, வாரிசுச் சான்றிதழ் இல்லை, சாட்சிக்கு ஒரு ஆள் இல்லை. ஒரு சென்ட் நிலத்துக்கு இப்படி எழுதிக்கொண்டு வந்தால்கூட வெளியே போகச் சொல்லியிருப்போம். இவர்கள் ஒரு ஆளையே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

படிவத்தில் இறந்த தேதி என்ற கட்டத்தில் ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி இருந்தது. "பாத்தியா, தேதியும் தப்பு" என்று என் மனைவி அன்னக்கொடியிடம் காட்டினேன். அவள் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "தப்பில்லங்க. அன்னிக்குத்தேன் பிள்ள நம்ம வாசல்ல வந்து நின்னுச்சு" என்றாள். ஆமாம். தானே பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு ரோகிணி வந்து நின்ற நாள் அது. எங்களுக்கு ஒரே மகள். நான் பின்னால் போய்த் தலைமுழுகிவிட்டு ஈரத்தோடு வந்து, "இன்னியோட ஒனக்கு அப்பன் செத்தான், போ" என்றேன். தெருவே பார்த்தது. அவள் அழவில்லை, திரும்பிப் போனாள். அவள் பொய் எழுதவில்லை, ஐயா. நான் சொன்னதைத்தான் பதிவு செய்திருக்கிறாள்.

அந்த வீடியோவின் கடைசியில் நான், "நல்லா இரு தாயி. ஒம்மேல எனக்குக் கோவமில்ல" என்று சொல்கிறேன். அந்த வசனம் கம்பெனியுடையது அல்ல, ரோகிணியே எழுதிக் கொடுத்ததாம். இதை அன்னக்கொடி எத்தனை தடவை போடச் சொன்னாள் என்று எனக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் போனைப் பார்க்கிறாள், அப்புறம் என்னைப் பார்க்கிறாள்.

இருந்தாலும் சட்டம் சட்டம்தான். என் முகத்துக்கும் குரலுக்கும் யார் சொந்தக்காரர், மகள் வீட்டு விசேஷத்துக்கென்று வாங்கியதைக் கம்பெனி விளம்பரத்துக்குப் போடலாமா, நான் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டியதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடலாம், அந்த வீடியோவை அடியோடு அழிக்க வைக்க என்ன வழி என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும்.

தங்கள் பேனாவும் தங்கள் பிள்ளைகளும் நீடூழி வாழ மீனாட்சியம்மனை வேண்டும்,
பேயாண்டி.

பி.கு.: மேலே கேட்டதையெல்லாம் அடித்துவிடவும். வீடியோவை அழிக்க வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம். நாம் அதிகாரம் கொடுக்காமலே ஒருவர் நம் பெயரில் சொன்னதை, பிற்பாடு நாமே மனதார ஏற்றுக்கொண்டால் அது செல்லும் என்று ஆபீசில் யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம். வீடியோவில் இருக்கும் அந்த ஆள் ரோகிணியிடம் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆறு வருஷம் கழித்து ஏற்றுக்கொண்டாலும் செல்லுமா? பதிலுக்குக் காத்திருக்க முடியாது. அன்னக்கொடி சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், ஒத்தக்கடைக்குப் போகிறோம். வீட்டு விலாசம் படிவத்தில் இருக்கிறது. எங்களை யாரும் அழைக்கவில்லை. ரோகிணி கதவைத் திறக்காவிட்டால், அதற்கு நான் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன்.