என்மேல் ஒட்டிய கிருமி

இந்த வருட விடுமுறைக்குச் சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். வீரமான முடிவு. குளியலறைக் கதவைத் தாழ் போட்டு, குழாயையும் திறந்துவிட்டுக்கொண்டு எடுத்த முடிவு.

சகலை, என் மனைவியின் அக்காவைக் கட்டிய புண்ணியவான், ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறார். எனக்கோ ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி இலைகளில் வந்திருப்பது பூஞ்சையா, பாக்டீரியாவா, வைரஸா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கூட்டிப் பாருங்கள், என் விடுமுறையின் லட்சணம் விளங்கும். போன தடவை பெட்டியைக் கீழே வைக்குமுன் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஒவ்வொரு மரத்தையும் சொந்தக்காரர் மாதிரி அறிமுகம் செய்தார்.

"இவளுக்கு இலையெல்லாம் மஞ்சளா வருது சகலை. கொஞ்சம் பாருங்க. பாவம், வாய்விட்டுச் சொல்ல மாட்டா."

அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏணிமேல் இருந்தேன்.

ஆகவே, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தேன்.

"இந்தத் தடவை நான் வர முடியாது."

"ஏன்?"

"ஆய்வுக்கூடத்துல சொறி."

"சாரியா? எதுக்குக் கேக்கறீங்க? பழசுக்கா, புதுசா ஏதாவதா?"

"சாரி இல்ல, சொறி. சொறிநோய். பாக்டீரியா. இலை, காய் எல்லாத்துலயும் தடிப்புத் தடிப்பா வரும். இப்ப அதோடதான் குடித்தனம் பண்றேன். சட்டை, செருப்பு, தலைமுடின்னு எங்க பார்த்தாலும் ஒட்டியிருக்கும். நான் கால் வச்சா அக்கா தோட்டம் மொத்தமும் போச்சு."

அவள் தலையாட்டினாள். வாதாடவில்லை. கல்யாணமானதிலிருந்து நடக்காத விஷயம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப நம்ம பால்கனி எலுமிச்சை?"

"அதுக்கும் ஆபத்துதான்" என்றேன், பெருந்தன்மையாக.

மறுநாளிலிருந்து வாசலில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர் எனக்காகக் காத்திருந்தது. செருப்புக்கு வீட்டுக்குள் அனுமதி இல்லை. என் சட்டைகளை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள். எல்லாம் என் மகன் அளவுக்குச் சுருங்கின. எனக்கு மகன் இல்லை. பால்கனியில் கிடந்த என் சாய்வு நாற்காலிக்கும் எனக்கும் நடுவே கயிறு கட்டினாள்.

எதிர்வீட்டுத் தையல்காரர் வாளியைப் பார்த்துவிட்டு விசாரித்தார். "சாருக்கு என்னங்க?"

"சொறிங்க" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். நான் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கிப் படியில் நடந்தார்கள். தையல்காரர் என் கால்சட்டையை நீளமான குச்சியால் தள்ளித் திருப்பிக் கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஏணி ஏறுவதற்கு இது எவ்வளவோ மேல்.

விடுமுறையின் முதல் நாள் காலை, அழைப்பு மணி அடித்தது. திறந்தேன். சகலை. அவருக்குப் பின்னால் மூட்டைகள்.

"உங்களால வர முடியாதுன்னு கேள்விப்பட்டதும் மனசே சரியில்ல சகலை. அதான் தோட்டத்தையே கொண்டாந்துட்டேன். மரத்துக்கு ஒரு பை இலை. நிதானமா பாருங்க."

மனைவியைப் பார்த்தேன். "இதுல எல்லாம் என் கிருமி தொத்திக்குமே."

"பறிச்ச இலைக்கு இனிமே தொத்தினா என்ன, தொத்தாட்டி என்ன?" என்றாள் மனைவி.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அவள் அக்கா வெளியே வந்தாள். கறுப்புக் கண்ணாடி, கையில் பயணப் பை. என் மனைவியின் பையும் தயாராக இருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கடற்கரைக்கு. நானும் அக்காவும் மட்டும். ரூம் போட்டாச்சு."

"நானும் வரேன். கடல்ல ஏது ஆரஞ்சு மரம்?"

"அத்தான் இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்திருக்கார். விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

இனி மானம் பார்த்துப் பயனில்லை. "உண்மையச் சொல்லிடறேன். என்மேல ஒரு கிருமியும் இல்ல. ஆய்வுக்கூடத்துலயே கை கால் கழுவி, உடை மாத்திட்டுத்தான் வெளிய வருவேன். எல்லாம் சும்மா சொன்னது."

"தெரியுமே" என்றாள். "கழுவாம வர்ற ஆளை அங்க எவன் இத்தனை வருஷம் வேலைக்கு வச்சிருப்பான்?"

"அப்ப இந்த வாளி, கயிறு?"

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சகலை பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா அத்தான்? அவர்மேல ஒண்ணும் இல்லையாம். இலையை மட்டும் பார்த்து என்ன பண்றது, கையோட தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போயிடுங்க."

சகலையின் முகம் மலர்ந்தது. மூட்டைகளைத் திரும்பக் கீழே இறக்க என்னையும் ஒரு கை பிடிக்கச் சொன்னார்.